தாமிரபரணி வயலும் குட்டை நெல்லும்: ஓர் இயக்குநீரும் அதன் துணைப் புரதங்களும்

திருநெல்வேலி என்னும் ஊர்ப்பெயருக்குள்ளேயே நெல் இருக்கிறது. இறைவனுக்கு அமுது படைக்கக் காயப்போட்டிருந்த நெல்லை மழை வெள்ளம் அடித்துச் செல்லாதபடி இறைவனே வேலியிட்டுக் காத்தார் என்பது நெல்லையப்பர் கோயில் தலவரலாறு. புராணத்தை ஒருபுறம் வைத்தாலும், இப்பள்ளத்தாக்கில் நெல்லின் பழமைக்குச் சான்று மண்ணுக்குள்ளேயே கிடைத்திருக்கிறது. ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகிலுள்ள சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றில் மண்ணோடு கலந்திருந்த நெல் உமி கி.மு. 1155ஆம் ஆண்டைச் சேர்ந்தது எனக் காலக்கணிப்பு செய்யப்பட்டது. 2021 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள், அவற்றால் நிறையும் குளங்கள் என ஏறத்தாழ 86,000 ஏக்கர் நிலம் பாசனம் பெறுகிறது. கார், பிசானம் என இரண்டு நெற்பருவங்கள். இந்த ஏற்பாடு நெடுங்காலமாகப் பெரிதும் மாறவில்லை. மாறியது வயலில் நின்ற பயிரின் உயரம். அதுவும் 1960களின் நடுவில் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் மாறிவிட்டது. ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்ற நெல் இடுப்பு உயரத்துக்கு இறங்கியது. அது ஏன் குட்டையானது என்பதற்கு உயிரணுவுக்குள்ளிருந்து விடை கிடைக்க மேலும் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. அந்த விடையின் மையத்தில் இருப்பவை, இயக்குநீர் சொல்வதை மரபணுவுக்குக் கொண்டு சேர்க்கும் சில துணைப் புரதங்கள்.

சாயும் பயிர்

பழைய நெல் வகைகள் உயரமானவை. வைக்கோல் மிகுதி, மாட்டுக்குத் தீவனம், கூரைக்கு வேய்ச்சல், களத்தில் போர். கொழுஞ்சித் தழையும் ஆட்டுக்கிடையும் தொழுவுரமும் இட்ட வயலில் அவை நன்றாகவே விளைந்தன. தழைச்சத்தை அதற்குமேல் கூட்டினால்தான் சிக்கல். பயிர் இன்னும் உயரமாகும், கதிர் கனக்கும், ஒரு காற்று மழையில் வயல் முழுவதும் பாய் விரித்தாற்போல் படுத்துவிடும். சாய்ந்த பயிரில் மணி பாதி பதராகும், மீதி சேற்றில் முளைக்கும். ஆகவே உரம் இட்டு விளைச்சலைப் பெருக்கும் வழி அடைபட்டிருந்தது. உரம் கிடைக்காதது மட்டுமே அன்றைய குறை என்று எழுதுவோர் உண்டு. உரம் கிடைத்திருந்தாலும் அதை ஏற்று நிற்கும் தண்டு அப்போது இல்லை என்பதே சரி.

அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937இல் தொடங்கப்பட்டது. அங்கிருந்து வந்த வகைகள் அதிகாரப் பெயரில் ஏ.எஸ்.டி. என்றும், வழக்கில் அம்பை என்றும் எண்ணிட்டு அழைக்கப்படுகின்றன. தொடக்க கால அம்பை வகைகள் உள்ளூர் நெல்லிலிருந்து நல்ல செடிகளைப் பொறுக்கி எடுத்துத் தூய வழியாக்கியவை. நல்ல நெல்தான். ஆனால் உயரத்தை அவற்றால் மாற்ற முடியவில்லை. குட்டைத்தன்மையைத் தரும் மரபணு கைவசமிருந்தால்தானே மாற்றுவதற்கு?

1965இல் தஞ்சைக்கு ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது. ஜப்பானிய நெல்லான நோரின் 10உம் கோவையின் ஜி.இ.பி. 24உம் அதன் பெற்றோர். இங்கே மாணவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்வதுண்டு. நார்மன் போர்லாக்கின் குட்டைக் கோதுமைக்கு மூலமான நோரின் 10 வேறு, இந்த நெல் வேறு. நோரின் என்பது ஜப்பானிய வேளாண் துறை தன் வகைகளுக்கு இட்ட பொதுப் பெயர். நெல்லிலும் பத்தாம் எண் உண்டு, கோதுமையிலும் உண்டு.

உண்மையான திருப்பம் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது. லாஸ் பானியோஸில் 1960இல் நிறுவப்பட்ட பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில், 1962இல் பீட்டர் ஜென்னிங்ஸ் 38 கலப்புகளைச் செய்தார். அவற்றில் எட்டாவது, பீட்டா என்னும் உயரமான இந்தோனேசிய நெல்லையும் டீ-ஜியோ-வூ-ஜென் என்னும் தைவான் குட்டை நெல்லையும் சேர்த்தது. அந்தக் கலப்பின் வழிவந்த 288ஆம் வரிசையின் மூன்றாவது செடியே 1966 நவம்பரில் ஐ.ஆர். 8 என்ற பெயருடன் வெளியானது. பீட்டாவின் ஒரு பெற்றோர் லாட்டிசைல் என்னும் வங்காள நெல் என்பதால், ஐ.ஆர். 8இன் இரத்தத்தில் இந்தியாவும் கலந்திருக்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர். உரமிட்டாலும் சாயாது. தமிழ்நாட்டு விவசாயி ஒருவர் தம் மகனுக்கு ஐ.ஆர். எட்டு என்றே பெயர் வைத்தார். சோறு மட்டும் யாருக்கும் பிடிக்கவில்லை. அரிசி தடித்தது, வெண்புள்ளி விழுந்தது, ஆறினால் கட்டியாகிவிடும். ஆயினும் விதைப்பவர் விதைத்தார்கள். வைக்கோல் குறைந்ததை மாடு வைத்திருந்தவர்கள் முதலிலேயே கவனித்துவிட்டார்கள்.

கோமாளி நாற்று

இக்கதையின் மறுபாதியும் தைவானிலேயே தொடங்குகிறது. அத்தீவு ஜப்பானிய ஆட்சியில் இருந்தபோது எய்ச்சி குரோசாவா என்னும் பயிர்நோய் ஆய்வாளர் அங்கே பணியாற்றினார். நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் வெளிறி, ஒல்லியாய், மற்றவற்றைவிட ஓங்கி வளர்ந்து, பின் மணி பிடிக்காமல் மடிவதை ஜப்பானிய உழவர்கள் பக்கானே, அதாவது மூட நாற்று என்றார்கள். நம் பள்ளிப் பாடநூல்கள் இதைக் கோமாளித்தன நோய் என்கின்றன. நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சை. 1926இல் குரோசாவா அந்தப் பூஞ்சையை வளர்த்த நீரிலிருந்து பூஞ்சையை வடிகட்டி நீக்கிவிட்டு, நீரை மட்டும் நாற்றுக்கு ஊற்றினார். நாற்று அப்போதும் ஓங்கி வளர்ந்தது. ஆகவே பூஞ்சை சுரக்கும் ஏதோ ஒரு பொருள்தான் காரணம் என்றானது. 1935இல் யபூட்டா அதற்கு ஜிப்ரல்லின் என்று பெயரிட்டார். 1938இல் அவரும் சுமிக்கியும் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். பின்னர் 1950களில், பூஞ்சை மட்டுமன்று, செடிகளும் இதே பொருளைத் தாமே செய்துகொள்கின்றன என்பது தெரிந்தது. ஆக, இது ஒரு தாவர இயக்குநீர்.

ஒரே தீவு. அங்கே ஒரு நெல் நோயால் அளவுக்கு மீறி உயர்ந்தது. இன்னொரு நெல் இயல்பாகவே உயராமல் நின்றது. இரண்டும் ஒரே கேள்வியின் இரு முனைகள் என்று அன்று யாருக்கும் தெரியாது.

விதையூறலில் நடப்பது

இயக்குநீர் மரபணுவை எப்படி இயக்குகிறது என்பதை எளிதாகக் காண நாற்றங்காலுக்கு முந்தைய வேலையைப் பார்த்தாலே போதும். விதைநெல்லைச் சாக்கில் கட்டி வாய்க்காலில் ஊறப்போட்டு, எடுத்து, வைக்கோல் மூடி முளைகட்டுவார்கள். முளைவிட்ட நெல்லை மென்றால் இலேசாக இனிக்கும். மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருப்பதே காரணம். நீர் பட்டதும் முளைக்கரு ஜிப்ரல்லினை அனுப்புகிறது. அது மணியின் ஓரத்தில் தவிட்டுக்கு உரிய உயிரணு அடுக்கை அடைகிறது. அங்கே ஆல்ஃபா அமைலேஸ் என்னும் நொதி உண்டாகி மாவைக் கரைக்கிறது. 1960இல் ஜப்பானில் யோமோவும் ஆஸ்திரேலியாவில் பேலெக்கும் ஒருவரையொருவர் சாராமல் இதை வாற்கோதுமையில் காட்டினார்கள். முளைக்கருவை வெட்டி நீக்கிய அரைமணியில் ஜிப்ரல்லினை மட்டும் சேர்த்தாலே மாவு கரைந்தது. பின்வந்த ஆண்டுகளில், அமைலேஸ் மரபணுவைத் தொட்டு எழுப்பும் படியெடுத்தல் காரணி ஒன்று அடையாளம் காணப்பட்டது. அதற்குக் காமிப் என்று பெயர்.

இயக்குநீர் அங்கே ஒரு செய்தி மட்டுமே. அது டி.என்.ஏ.வைத் தொடுவதில்லை. செய்தியைக் கேட்பவர், மரபணுவைத் தொடுபவர், இருவருக்கும் இடையில் நிற்பவர் என மூவரைத் தேட வேண்டியிருந்தது. இடையில் நிற்பவரே முதலில் அகப்பட்டார்.

1997இல் இங்கிலாந்தின் நார்விச்சில் ஜான் இன்ஸ் மையத்தில் நிக்கோலஸ் ஹார்பர்டின் குழு, அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் ஜிப்ரல்லினுக்குச் செவிசாய்க்காத ஒரு குட்டை வகையின் மரபணுவைக் கண்டறிந்தது. அது தரும் புரதமும் அதன் உறவினங்களும் டெல்லா புரதங்கள் எனப்படுகின்றன. புரதத்தின் தலைப்பகுதியில் வரும் ஐந்து அமினோ அமிலங்களின் குறியெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் டெல்லா. வேறு பொருள் எதுவும் இல்லை. டெல்லாவின் வேலை வளர்ச்சியைத் தடுப்பது. கால்வாய் மடையில் பலகை போட்டிருப்பது போல, மரபணுவைத் தூண்டும் காரணிகளைப் பிடித்துக்கொண்டு அவற்றை டி.என்.ஏ. பக்கம் போகவிடாமல் அது நிற்கிறது. அது தானே டி.என்.ஏ.வில் பதிவதன்று, பதிபவர்களின் கையைப் பிடிப்பது. 2008இல் வந்த இரண்டு ஆய்வுகள் இதை நேரடியாகவே காட்டின.

நெல்லுக்கு இவ்வகையில் முக்கியமான டெல்லா ஒன்றே. அதன் பெயர் எஸ்.எல்.ஆர். 1. அது பழுதானால் செடி ஒல்லியாய், வெளிறி, ஓங்கி வளர்ந்து மலடாகிறது. கோமாளி நாற்றேதான், பூஞ்சை மட்டும் இல்லை. 2001இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை வெளியிட்டபோது, குரோசாவா கண்ட நோயின் உள்ளுறை முக்கால் நூற்றாண்டுக்குப் பின் துலங்கியது.

செய்தியைக் கேட்பவரையும் நெல்லே காட்டிக்கொடுத்தது. 2005இல் நாகோயா பல்கலைக்கழகத்தில் மக்கோட்டோ மட்சுவோக்கா, மியாக்கோ உவேகுச்சி-தனாக்கா ஆகியோரின் குழு ஜிட் 1 என்னும் ஏற்பியைக் கண்டுபிடித்தது. ஜிப்ரல்லின் வந்து இதன் பள்ளத்தில் அமர்ந்ததும், ஏற்பியின் ஒரு பகுதி மூடிபோல் அதன்மேல் கவிந்துகொள்கிறது. மூடிய அந்த மேற்பரப்பில்தான் டெல்லா வந்து ஒட்ட முடியும். ஒட்டியதும், ஈராண்டுக்கு முன்பே அறியப்பட்டிருந்த ஜிட் 2 என்னும் மற்றொரு புரதம் டெல்லாவின்மேல் அழிவுக்குறி இடும்படி செய்கிறது. குறியிடப்பட்ட டெல்லாவை உயிரணுவின் புரதச் சிதைப்பு எந்திரம் துண்டாக்கிவிடும். பலகை எடுபட்டது, மடை திறந்தது.

டெல்லா எப்போதும் தடுப்பவர் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. வேறு சில காரணிகளோடு சேரும்போது அதுவே துணை ஊக்கியாக நின்று மரபணுக்களை இயக்குகிறது. அவற்றுள் ஜிப்ரல்லினைச் செய்யும் மரபணுக்களும் உண்டு. ஆகவே செய்தி குறைந்தால் டெல்லா பெருகும். டெல்லா பெருகினால் செய்தி மீண்டும் உற்பத்தியாகும். அளவு தவறாமல் காக்கும் இந்தச் சுழற்சியை விட்டுவிட்டு டெல்லாவை வெறும் முட்டுக்கட்டை என்று சொல்வது பாதி உண்மைதான்.

மனித உடலிலும் இதற்கு ஓர் ஒப்பு இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் போன்ற ஸ்டீராய்டு இயக்குநீர்களுக்கு ஏற்பிகள் உயிரணுவுக்குள்ளேயே உண்டு, அவை டி.என்.ஏ.வில் நேரடியாக அமர்பவை. ஆனால் அமர்ந்தால் மட்டும் போதாது. 1995இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பெய்லர் மருத்துவக் கல்லூரியில் பெர்ட் ஓ'மாலியின் குழு எஸ்.ஆர்.சி. 1 என்னும் துணை ஊக்கியைக் கண்டது. ஏற்பியோடு இது வந்து சேர்ந்தால்தான் மரபணு வலுவாக இயங்குகிறது. இத்தகைய துணைப் புரதங்கள், டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் உருளைகளைத் தளர்த்திப் படியெடுக்கும் நொதிக்கு இடம் தருகின்றன. ஒரே இயக்குநீர் ஒரு திசுவில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் வேலை செய்வதற்கு, அங்கங்கே இருக்கும் துணைவர்கள் வேறுபடுவது ஒரு முக்கியக் காரணம். விலங்கில் ஏற்பி துணையை அழைத்து வருகிறது. நெல்லில் ஏற்பி தடையை அப்புறப்படுத்துகிறது.

383 எழுத்துகள்

இனி ஐ.ஆர். 8க்குத் திரும்பலாம். 2002இல் ஜப்பானில் இரண்டு குழுக்களும் ஆஸ்திரேலியாவில் ஒரு குழுவும் அந்நெல்லின் குட்டைத்தன்மைக்கு உரிய எஸ்.டி. 1 மரபணுவை அடையாளம் கண்டன. ஜிப்ரல்லின் தயாரிப்பின் கடைசிப் படிகளில் ஒன்றைச் செய்யும் நொதிக்கு உரிய மரபணு அது. டீ-ஜியோ-வூ-ஜென் நெல்லில் அதிலிருந்து 383 எழுத்துகள் விடுபட்டிருந்தன. நொதி பழுது, தண்டில் ஜிப்ரல்லின் குறைவு, ஆகவே எஸ்.எல்.ஆர். 1 அழியாமல் நிற்கிறது, தண்டு நீளவில்லை. பூவில் இதே வேலையைச் செய்ய இன்னொரு நொதி இருப்பதால் மணி பிடிப்பதில் குறையில்லை. அந்த இரண்டாவது நொதி இல்லாதிருந்தால், இப்படி ஒரு நெல் உழவருக்குப் பயன்பட்டிருக்காது.

மூன்றாண்டுக்கு முன், 1999இல், போர்லாக்கின் குட்டைக் கோதுமை ஏன் குட்டை என்பதை ஹார்பர்டின் குழு சொல்லியிருந்தது. கோதுமையில் ஜிப்ரல்லினுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதன் டெல்லா, ஏற்பியோடு ஒட்டும் தலைப்பகுதியை இழந்திருந்தது. எனவே எவ்வளவு ஜிப்ரல்லின் வந்தாலும் அது அழியாது. பஞ்சாபின் கோதுமைப் புரட்சியும் தமிழகத்தின் நெற்புரட்சியும் ஒரே சங்கிலியின் இரண்டு வேறு கண்ணிகளில் ஏற்பட்ட பழுதுகளால் வந்தவை. இரண்டிலும் முடிவு ஒன்றே: டெல்லா மிகுந்த பயிர். அதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு டெல்லா என்ற பெயரே தெரியாது.

1986இல் வெளியான அம்பை 16, ஏ.டி.டி. 31ஐயும் கோ 39ஐயும் கலந்து பெறப்பட்டது. பெற்றோர் இருவரின் முன்னோரிலும் ஐ.ஆர். 8 உண்டு. 110 முதல் 115 நாள் வயது, கட்டையான மணி. தென் மாவட்டங்களில் இன்றும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் நெல் இது. பாபநாசம் அணை திறந்ததும் கார் நடவுக்குப் போகும் நாற்றில் அந்தத் தைவான் நெல்லின் வழி தொடர்கிறது.

யூரியாவின் கணக்கு

குட்டை நெல் உரத்தைத் தாங்கியது. தாங்கியது என்பதற்கும் நன்றாகப் பயன்படுத்தியது என்பதற்கும் வேறுபாடு உண்டு. குட்டை வகைகள் மண்ணிலுள்ள தழைச்சத்தை உறிஞ்சுவதில் மந்தமானவை. ஆகவே நல்ல விளைச்சலுக்குக் கூடுதல் யூரியா வேண்டியிருக்கிறது. இட்டதில் ஒரு பகுதி நீரோடும் காற்றோடும் போகிறது. கூடுதல் தழைச்சத்தில் பயிர் கொழுத்து நெருங்கி நின்றால் புகையான் பூச்சி பெருகும் என்பது எந்த வேளாண் அலுவலரும் சொல்வதே. ஐ.ஆர். 8 புகையானைத் தாங்காத நெல். எதிர்ப்புத் தரும் மரபணுக்களை உலகமெங்கும் தேடியபோது, பி.பி.எச். 2 என்னும் மரபணு முதலில் அடையாளம் காணப்பட்டது அம்பாசமுத்திரத்தின் பழைய வகையான அம்பை 7இல். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1971இல் இதை வெளியிட்டனர். புகையான் ஆய்வில் இன்றும் உலக ஆய்வகங்களில் ஏ.எஸ்.டி. 7 என்ற பெயர் வழங்குகிறது. நம் மாவட்டத்தார் பலர் இதை அறியமாட்டார்கள்.

தழைச்சத்து மந்தத்துக்குக் காரணம் 2018இல் தெரிந்தது. பெய்ஜிங்கில் ஷியாங்டோங் ஃபூவின் குழுவும் ஹார்பர்டும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு அது. தழைச்சத்தை உறிஞ்சவும் உடலாக்கவும் வேண்டிய மரபணுக்களைத் தூண்டுவது ஜி.ஆர்.எஃப். 4 என்னும் காரணி. அதற்கு ஜிஃப் 1 என்னும் துணை ஊக்கி வேண்டும். இரண்டும் கைகோத்தால்தான் மரபணு எழும். அந்தக் கைகோப்பைக் குலைப்பது எஸ்.எல்.ஆர். 1. ஆகவே தண்டைக் குட்டையாக்கும் அதே புரதம், தழைச்சத்தை எடுக்கும் திறனையும் மட்டுப்படுத்துகிறது. 1966இல் நெல்லோடு சேர்ந்து வந்த இந்தக் குறை எவர் கண்ணிலும் படவில்லை, உரச்சீட்டில்தான் பட்டது. ஜி.ஆர்.எஃப். 4ஐக் கூட்டினால், உயரத்தைக் கூட்டாமலே தழைச்சத்துப் பயன்பாடு உயர்வதை அந்த ஆய்வு காட்டியது. இரண்டாண்டு கழித்து அதே குழு, தழைச்சத்துக்கேற்பத் தூர் கட்டச் செய்யும் என்.ஜி.ஆர். 5 என்னும் மற்றொரு புரதமும் ஜிட் 1 ஏற்பியின் பிடியில் டெல்லாவோடு போட்டியிடுவதைக் கண்டது. குட்டை நெல் ஏன் மிகுதியாகத் தூர் கட்டுகிறது என்பதற்கு அதுவே விடை. ஏற்பி எந்தப் பலகையை எடுப்பது என்பதிலேயே போட்டி. டெல்லா நிறைய இருந்தால் என்.ஜி.ஆர். 5 தப்பிக்கிறது.

வெள்ளத்தில்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை இப்பகுதியினர் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரு நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை கடந்தது, குளங்கள் உடைந்தன, பிசானப் பயிர் நீருக்கடியில் போனது. குட்டை நெல்லுக்கு வெள்ளம் இயல்பாகவே பகை, தலையை நீருக்குமேல் நீட்ட அதனால் ஆகாது.

நீரில் மூழ்கிய நெல்லுக்கு இரண்டு வழிகள் உண்டு. வங்கதேசத்தின் ஆழ்நீர் நெல் நீரோடு போட்டியிட்டு உயர்ந்துவிடும். அதற்கு உதவுவது வேறொன்றுமன்று, எஸ்.டி. 1 மரபணுவே. பழுதுபடாத, வேகம் கூடிய ஒரு வடிவம் அதில் இருப்பதை 2018இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். மற்றொரு வழி அசையாமல் கிடப்பது. ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்னும் நெல்லில் உள்ள சப் 1ஏ மரபணு, நீருக்குள் எஸ்.எல்.ஆர். 1ஐயும் அதன் உறவுப் புரதம் ஒன்றையும் கூட்டி, செடியை ஜிப்ரல்லினுக்குச் செவிடாக்குகிறது. வளர்ச்சி நின்றுவிடும், சேமித்த மாவுச்சத்து செலவாகாது. ஏறத்தாழ இரண்டு வாரம் தாக்குப்பிடித்து, நீர் வடிந்ததும் மீண்டும் துளிர்க்கும். நாள்கணக்கில் வந்து வடியும் வெள்ளத்துக்கு இரண்டாவது வழியே பொருந்தும். தாமிரபரணி வெள்ளம் அத்தகையது.

இம்மரபணுவைச் சேர்த்த சுவர்ணா சப் 1 இந்தியாவில் 2009இல் வெளியிடப்பட்டது. தமிழ்நாட்டின் காவிரிப் படுகையில் சி.ஆர். 1009 சப் 1 பயிராகிறது. அதன் வயது 150 நாளுக்கு மேல். அணைநீர் நாள் எண்ணிக் கிடைக்கும் தாமிரபரணிப் பாசனத்தில், அம்பை 16 போல் 115 நாளுக்குள் அறுவடையாகும் நெல் நடும் வயல்களுக்கு அது ஒத்துவராது.